என்ன, இன்னொரு தரம் சொல்

மீனாட்சிபுரம்
18-1-1929

சௌபாக்கியவதி தங்கை சாந்தம்மாளுக்கு அண்ணன் வீரபாண்டி ஆசீர்வாதம். இங்கே என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, குறையெல்லாம் பள்ளிக்கூடத்தில்தான். நீயும் மாப்பிள்ளை சங்கையாவும் பூமாரியும் அந்தக் குளிரில் சௌக்கியமா என்று எழுது.

பொங்கலுக்கு வரவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. எப்படி வருவது? இந்த ஊர்க் கவுண்டர் தம் கடலைக்காய் மூட்டை அடுக்கும் கிட்டங்கியைக் காலி பண்ணி, மேடை கட்டி, இந்த நாடகப் பள்ளிக்கூடத்தைத் தொடங்கி ஒன்றரை வருஷம் ஆகிறது. "ரெண்டு வருசத்துல நம்மூர் ஆளுக மதுரைக்காரனைத் தோக்கடிக்கோணுமுங்க வாத்தியாரே" என்று என் தலையில் கட்டினார். பதினோரு பேர் படிக்கிறார்கள். எல்லாம் மாடு கன்று வைத்துப் பிழைக்கிற, மீசை முளைத்த ஆட்கள். ஒருவருக்கும் எழுத்து வாசனை கிடையாது. எல்லாம் வாய்ப்பாடம்தான். நான் சொல்லச் சொல்ல அப்படியே சொல்ல வேண்டும். கறவை நேரம் வந்துவிட்டால் ராணி வேஷக்காரன் பாதி அழுகையில் எழுந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எருமையைப் பார்க்கப் போய்விடுகிறான்.

மாரப்பன் என்று ஒரு பால்காரன். ஆள் பனைமரம், குரல் இடி. எமன் வேஷத்துக்கென்றே பிறந்தவன் என்று நினைத்தேன். "உன் உயிரைக் கவர வந்தேன்" என்று சொல்லிக் கொடுத்தால், "உன்ற உசுரை எடுத்துட்டுப் போலாம்னு வந்தனுங்க" என்கிறான். எமனுக்கு எதுக்கடா 'ங்க' என்று கத்தினேன். "மொத மொதல்ல பாக்கறவங்ககிட்ட மரியாதி இல்லாம எப்படிங்க பேசறது?" என்று திருப்பிக் கேட்கிறான். நான் சொல்வதை விட்டுவிடுகிறார்கள், செய்வதை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். நான் தும்மினால் பதினோரு பேரும் தும்முவார்கள் போலிருக்கிறது.

நமது பழைய பபூன் மிக்கேல்ராஜ்தான் இங்கே எனக்குத் துணை வாத்தியார். ஆர்மோனியமும் அவனே வாசிக்கிறான். நீயும் நானும் பத்து வருஷம் ராணியும் ராஜாவுமாக ஒரே மேடையில் நின்றோமே, அதை நினைத்தால் இவர்களை அடிக்கக் கை வருகிறது. பூமாரிக்கு மாமன் ஆசியைச் சொல்.

இப்படிக்கு, தொண்டை வறண்ட உன் அண்ணன்,
வீரபாண்டி


சின்னக்கானல்
9-2-1929

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை சாந்தம்மாள் வணக்கத்தோடு எழுதுவது. நாங்கள் மூவரும் சுகம். உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்து கருகிவிட்டது, லயத்து வீடுகளில் பாதிப் பேருக்குக் காய்ச்சல், மற்றபடி குறையில்லை. உங்கள் உடம்பைப் பற்றி ஒரு வரிக்கு மேல் எழுதினால் தாள் தீர்ந்துவிடுமா?

பொங்கலுக்கு வராததைக்கூட மன்னித்துவிடுவேன். போன ஐப்பசியில் வந்தபோது செய்துவிட்டுப் போனீர்களே, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. போடிமெட்டு வரைக்கும் உங்களை வழியனுப்ப இவர் கூடவே நடந்து வந்தார். வழியில் கேட்டார். "மச்சான், பூமாரியத் தேவிகுளத்துல பொண்ணு கேக்காக. தாய்மாமன் நீங்க ஒரு வார்த்த சொன்னாத்தான் மேக்கொண்டு பேச முடியும்." அதற்கு நீங்கள் சொன்ன பதில் என்ன? "ஆமா மாப்பிள, அட்ட ஜாஸ்திதான். பொயிலையத் தேச்சுக்கிடணும்!"

பெற்ற பெண்ணின் கல்யாணத்தைக் கேட்ட மனுஷனுக்கு, காலில் ஏறி ரத்தம் குடிக்கிற அட்டையின் கதையைச் சொல்லியிருக்கிறீர்கள். வீட்டுக்குத் திரும்பி வந்தவர் அன்று சாப்பிடவில்லை. "ராஜா வேசம் கட்டுத ஆளுக்குக் கங்காணி மகளும் அட்டையும் ஒண்ணாத்தான் தெரியும்" என்றார். அன்றிலிருந்து உங்கள் பேரை எடுத்தால் எழுந்து வெளியே போகிறார். தேவிகுளத்துக்காரர்களுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. அடுப்படியிலிருந்து நான் கூப்பிட்டதற்கும் நீங்கள் ஒரு தரமாவது 'என்ன' என்று கேட்கவில்லை. பெரிய நடிகர் ஆகிவிட்டால் கூடப்பிறந்தவளும் அட்டைதானோ?

சித்திரையில் எஸ்டேட் மாரியம்மனுக்குப் பொங்கல். உங்கள் பள்ளிக்கூடத்து ஆட்கள் வந்து நம்முடைய ரத்னபுரி நாடகத்தைப் போட வேண்டும் என்று இங்கே ஆட்கள் ஆசைப்படுகிறார்கள். அவர்களோடு நீங்களும் வந்து இவர் கையைப் பிடித்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். வராவிட்டால் எனக்கு அண்ணன் இல்லை என்று வைத்துக்கொள்வேன்.

மனத்தாங்கலோடு,
சாந்தம்மாள்


மீனாட்சிபுரம்
4-3-1929

தங்கை சாந்தத்துக்கு ஆசீர்வாதம். நலம். நீ கேட்டபடி இரண்டு வரி எழுதுகிறேன். மிகவும் நலம்.

உன் புருஷன் பேசுவது அவர் மீசைக்குத்தான் கேட்கும். வாயைத் திறந்து பேசத் தெரியாத மனுஷனுக்குக் கோபம் மட்டும் நன்றாக வருகிறது. அன்றைக்கு மெட்டில் காற்று எப்படி அடித்தது என்று அவரையே கேள். பூமாரி கல்யாணத்துக்கு நான் குறுக்கே நிற்பேனா? அடுப்படியிலிருந்து கூப்பிட்டாயாம். அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் அடுப்புதான் 'என்ன' என்று கேட்கும்.

மாரியம்மன் பொங்கலுக்கு மிக்கேல்ராஜோடு பதினோரு பேரையும் அனுப்பி வைக்கிறேன். நான் வருவதற்கில்லை. காரணம் இருக்கிறது. ஆவணி இருபதாம் தேதி கவுண்டர் இங்கே ஸ்பெஷல் நாடகம் வைத்துவிட்டார். அதே ரத்னபுரிதான். ராஜா வேஷம் நான், எதிரே வேடர் தலைவனாகத் திருமங்கலம் சந்தனம். ஸ்பெஷல் நாடகம் என்றால் என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒத்திகை கிடையாது. அவன் பாடத்தோடு அவன் வருவான், என் பாடத்தோடு நான் நிற்பேன். மேடையில் வைத்து என்ன வேண்டுமானாலும் கேட்பான், அந்த இடத்திலேயே மடக்க வேண்டும். மடக்காதவன் தோற்றவன். சந்தனத்துக்கு வாய் அரிவாள். கவுண்டர் சுற்று வட்டாரம் முழுக்கத் தமுக்கடித்துவிட்டார். "நம்ம வாத்தியாரைத் தர்க்கத்துல செயிக்க ஒருத்தன் பொறக்கோணுமுங்க" என்று கண்டவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். என்னைக் கேட்டா வைத்தார்? ஊருக்கெல்லாம் சொன்ன பிறகு எனக்குச் சொன்னார்.

எனவே பாடத்தைப் புதுப்பிக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு என் வணக்கத்தைச் சொல், ஏற்றுக்கொள்வதும் விடுவதும் அவர் இஷ்டம்.

அண்ணன்,
வீரபாண்டி


சின்னக்கானல்
29-4-1929

அண்ணனுக்கு வணக்கம். இங்கே எல்லாரும் சுகம். உங்கள் ஆட்கள் முந்தாநாள் இறங்கிப் போனார்கள், நல்லபடியாக வந்து சேர்ந்திருப்பார்கள். நடந்ததை அப்படியே எழுதுகிறேன், நடுவில் கிழித்துப் போடாமல் முழுக்கப் படியுங்கள்.

நாடகம் தொடங்கியது. காட்டுக் காட்சி. ராணி வேஷக்காரன், "நாதா, என்னைத் தனியே விட்டுப் போகாதீர்கள்" என்றான். ராஜா முகத்தை இடப்பக்கம் திருப்பி, வலது காதை அவன் பக்கம் நீட்டி, கையைக் குவித்து வைத்துக்கொண்டு, "என்ன? இன்னொரு தரம் சொல்" என்றான். ராணி அதே வரியை இன்னும் உரக்கக் கத்தினான். சரி, பாடம் மறந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். அடுத்து மந்திரி வந்தான். அவனும் காதை நீட்டி, "என்ன? இன்னொரு தரம் சொல்" என்றான். தூதன், காவல்காரன், தோழி, எல்லாரும் அப்படியே. இரண்டு பேர் எதிரெதிரே நின்று பேசினால் இருவரும் காதைக் காட்டிக்கொண்டு, பருந்துக்குப் பயந்த கோழி மாதிரி கழுத்தைத் திருப்பி நின்றார்கள். கடைசியாக உங்கள் எமன் வந்தான். சாகக் கிடக்கிறவன் "எமதர்மா, என்னை விட்டுவிடு" என்று கெஞ்சுகிறான், எமன் குனிந்து காதைக் கொடுத்து, "என்னங்க? இன்னொரு தரம் சொல்லுங்க" என்கிறான்!

ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மூன்றாவது காட்சியில் நடிகர் வாயைத் திறக்கும் முன்பே லயத்துப் பிள்ளைகள் சேர்ந்து "இன்னொரு தரம் சொல்" என்று கத்தத் தொடங்கிவிட்டார்கள். நானும் சிரித்தேன். பிறகு பாட்டு வந்தது. பாடப் போகிறவன் சுதியைக் கேட்டு எடுக்கவில்லை. மிக்கேல்ராஜ் அண்ணன் மோவாயைத் தூக்குகிறாரா என்று பார்த்துக்கொண்டே நின்று, அது ஏறியதும் பாடினான். அவனுக்குப் பின்னால் வந்தவனும் அப்படியே. எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

எழுத்துத் தெரியாத ஆட்கள். வாத்தியார் சொன்னது எது, வாத்தியார் தனக்காகக் கேட்டது எது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? எல்லாமே பாடம் என்று நெட்டுருப் போட்டிருக்கிறார்கள். மாரப்பனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "வாத்தியாரு ஒவ்வொரு வரிக்கும் அப்படித்தானுங்க சொல்லுவாரு. அதையுட்டுப் போட்டா பாடம் கொறஞ்சு போயிருமுங்களே" என்றான். மிக்கேல்ராஜ் அண்ணனைக் கேட்டேன். அவர் ஆர்மோனியப் பெட்டிக்கு உறை போடுகிற வேலையில் மும்முரமாகிவிட்டார்.

அண்ணே, ஒரே ஒரு கேள்வி. உங்களுக்குக் காது கேட்கிறதா? போடிமெட்டில் இவர் உங்களுக்கு இடப்பக்கம்தான் நடந்தாராம், கேட்டு வைத்துக்கொண்டேன். என்னிடம் மறைக்க வேண்டாம். உடனே பதில் எழுதுங்கள்.

சாந்தம்மாள்


சின்னக்கானல்
10-6-1929

அண்ணனுக்கு. நாங்கள் சுகம். மழை பிடித்துவிட்டது.

ஆறு வாரம் ஆகிறது. உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. தபால்காரனைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது, பாவம் அவன் என்ன செய்வான்? கேட்ட கேள்விக்கு 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ எழுத ஒரு கார்டு போதும். பதில் வராததே பதில் என்று நான் எடுத்துக்கொண்டால் அப்புறம் என்னைக் குற்றம் சொல்லக் கூடாது.

ஆவணி நாடகம் இருக்கிறதா, நிறுத்தியாயிற்றா? சந்தனத்தோடு தர்க்கத்துக்கு நிற்பது விளையாட்டு இல்லை. எழுதுங்கள். என்னைத் திட்டியாவது எழுதுங்கள்.

சாந்தம்மாள்


சேசு மரி சூசை துணை

மீனாட்சிபுரம்
2-7-1929

அன்புள்ள தங்கச்சி சாந்தம்மாளுக்கு மிக்கேல்ராஜ் எழுதுவது. சர்வேசுரன் கிருபையால் நான் சுகம். நீங்களும் கங்காணியாரும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். வாத்தியார் சுகமா என்று நீங்கள் கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நீங்கள் கண்டுபிடித்தது சரி. நாலு வருஷத்துக்கு முன் எஸ்டேட்டுகளில் நாடகம் போட்டுச் சுற்றியபோது அவருக்கு மலைக்காய்ச்சல் வந்ததே, அப்போது கணக்கில்லாமல் கொயினா மாத்திரை விழுங்கினார். காய்ச்சல் போயிற்று, கூடவே காதும் போயிற்று. இடது காது முழுக்கச் செத்துவிட்டது. வலது காதில் உரக்கப் பேசினால் கொஞ்சம் கேட்கும். மூன்று வருஷமாகப் பாட்டு எடுக்கும் இடத்துக்கெல்லாம் நான்தான் மோவாயைத் தூக்கிக் காட்டுகிறேன். என் கழுத்து நரம்பு சுளுக்கிக்கொண்டதுதான் மிச்சம்.

உங்கள் கடிதம் வந்ததும் நான்தான் சொல்லிவிட்டேன் என்று நினைத்து என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். அவர் பேசாவிட்டால் எனக்கு நிம்மதிதான், ஆனால் வாத்தியார்கள் இருவரும் ஜாடையிலேயே பாடம் நடத்தினால் இந்தப் பதினோரு பேரும் அதையும் கற்றுக்கொண்டு விடுவார்களே என்று பயமாக இருக்கிறது.

கவுண்டருக்கு இது தெரியாது. தெரிந்தால் காது கேளாத ஆளிடமா நம்மூர் ஆட்களை விட்டேன் என்பார். வாத்தியாருக்கு வேறு போக்கிடம் இல்லை. பெண்டாட்டி போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருஷமாயிற்று. உங்கள் வீட்டுக்கு வர வேண்டும் என்றால் கங்காணியார் முகத்தில் எப்படி விழிப்பது என்று யோசிக்கிறார். இதெல்லாம் அவர் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். சந்தனம் மேடையில் கேட்கிற முதல் கேள்வியிலேயே குட்டு உடைந்துவிடும். ஒன்று நீங்கள் இதை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் ஒரு வழி சொல்லுங்கள். நான் சொன்னால் அவர் காதில் ஏறாது. அதைச் சிரிப்புக்குச் சொல்லவில்லை.

தங்கள் நலம் விரும்பும்,
மிக்கேல்ராஜ்


மீனாட்சிபுரம்
21-7-1929

சாந்தத்துக்கு ஆசீர்வாதம்.

ஆம். இடது காது கேட்காது. போதுமா? ஊரில் எல்லாருக்கும் கார்டில் அச்சடித்து அனுப்பு.

மிக்கேல்ராஜ் உனக்கு எழுதியது எனக்குத் தெரியும். தபாலாபீசுக்குப் போய்விட்டு வந்தவன் இரண்டு நாள் என் எதிரே நிமிரவில்லை. அவனைத் திட்டித் தீர்த்துவிட்டேன், அவன் என்ன பதில் சொன்னானோ தெரியாது.

வலது காது இருக்கிறது. ஒரு காது போதும் எனக்கு. சந்தனத்தின் கேள்விகளை இருபது வருஷமாகக் கேட்டவன் நான், அவன் வாயைத் திறக்கும்போதே என்ன வருகிறது என்று தெரியும். நாடகத்தை நிறுத்தியாயிற்றா என்று கேட்கிறாய். நிறுத்தினால் வீரபாண்டி பயந்துவிட்டான் என்பார்கள். அதுகூடப் பரவாயில்லை, ஏன் பயந்தான் என்று விசாரிப்பார்கள். இந்தப் பதினோரு பேரும் என்னைச் செவிட்டு வாத்தியார் என்று கூப்பிடுகிற நாளை நான் பார்க்க மாட்டேன். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

ராணி வேஷத்துக்கு மதுரையிலிருந்து ஒருத்தியைப் பேசியிருக்கிறார்கள். வருவாளோ மாட்டாளோ.

பூமாரிக்குத் தேவிகுளத்து மாப்பிள்ளையைப் பேசி முடிக்கத் தாய்மாமனாகிய எனக்குப் பூரண சம்மதம். இந்த வரியை மாப்பிள்ளையிடம் காட்டு. மற்ற வரிகளைக் காட்டாதே.

வீரபாண்டி


சின்னக்கானல்
12-8-1929

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம். மூவரும் சுகம். பூமாரிக்குத் தை மாதம் நாள் பார்க்கச் சொல்லியிருக்கிறோம்.

எல்லா வரிகளையும் காட்டிவிட்டேன். கோபம் வந்தால் வரட்டும். இவர் கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்தார். "காது கேக்காத மனுசன்கிட்டப் பத்து மாசமாக் கோவிச்சுக்கிட்டுக் கெடந்திருக்கேன். என்னையச் செருப்பால அடிக்கணும்" என்றார். நான் அடிக்கவில்லை. அதற்குப் பதிலாக ஒன்று கேட்டேன்.

ஆவணி நாடகத்தில் ராணியாக நானே வருகிறேன். உங்களுக்கு வலப்பக்கம் நிற்பேன். சந்தனம் என்ன கேட்டாலும் உங்கள் முகத்தைப் பார்த்து, "நாதா, இந்த வேடர் இப்படிக் கேட்கிறாரே" என்று திருப்பிச் சொல்வேன். ராணி ராஜாவிடம் சொல்வதை யார் தடுப்பது? கல்யாணத்தின்போது, இனி அரிதாரம் பூசுவதில்லை என்று இவருக்கு வாக்குக் கொடுத்தவள் நான். பதினெட்டு வருஷம் காப்பாற்றினேன். அடுப்படியில்கூட வாய்விட்டுப் பாடியதில்லை.

கேட்டதும் எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார். மூன்றாம் நாள் சாப்பிடும்போது, "ஒரு தடவதான். நானும் வருவேன். முன்னாலதான் உக்காருவேன். எவனாவது ஒன்னையப் பாத்து விசில் அடிச்சான்னா எந்திரிச்சு மேடைக்கு வந்துருவேன்" என்றார். அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிந்தால் நல்லது.

மதுரைக்காரிக்கு வேண்டாம் என்று ஆள் அனுப்பச் சொல்லுங்கள்.

சாந்தம்மாள்


மீனாட்சிபுரம்
20-8-1929

சாந்தத்துக்கு. நலம்.

வராதே. நான் என்ன கைக்குழந்தையா, தங்கச்சி தூக்கி நிறுத்த? மாப்பிள்ளைக்குக் கொடுத்த வாக்கை எனக்காக உடைக்க வேண்டாம். உனக்கு இன்னும் குரல் இருக்கிறது என்று யார் சொன்னது? கண்டிப்பாக வராதே.

ஆவணி பதினேழாம் தேதி ரயிலில் ஏறாதீர்கள், சந்தைக் கூட்டம். பதினெட்டு உசிதம். பொள்ளாச்சி ஸ்டேஷனுக்கு மாரப்பன் வண்டி கட்டிக்கொண்டு வருவான். வழியில் மாப்பிள்ளைக்கு மரியாதை கொடுத்தே கொன்றுவிடுவான், பொறுத்துக்கொள்ளச் சொல். மதுரைக்காரிக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

வீரபாண்டி


சின்னக்கானல்
12-9-1929

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம். திங்கட்கிழமை நல்லபடியாக வந்து சேர்ந்தோம். இவருக்கு மட்டும் வண்டிப் பயணத்தில் இடுப்பு வலி. பூமாரி சுகம். நீங்கள் சுகமா?

கண்ணை மூடினால் இன்னும் அந்த மேடைதான். "ராஜாவே, நாட்டைத் துறந்து காட்டுக்கு வந்த பின் நீர் எந்த ஊருக்கு ராஜா?" என்று சந்தனம் கேட்டபோது எனக்கு உயிரே இல்லை. அதை உங்களிடம் திருப்பிச் சொன்னேன் பாருங்கள், "'ராஜாவே' என்று அழைத்துவிட்டு இப்படிக் கேட்கிறாரே நாதா" என்று. அந்த 'ராஜாவே'யை வேண்டுமென்றே முதலில் வைத்தேன். நீங்களும் கப்பென்று பிடித்துக்கொண்டீர்கள். "கேள்வியின் முதல் வார்த்தையிலேயே பதிலை வைத்துக்கொண்டு மீதியை ஏன் கேட்கிறீர்?" கவுண்டர் தலைப்பாகையைக் கழற்றி மேலே எறிந்தாரே! "உம்ம ராணி எல்லாத்தையும் திருப்பித் திருப்பிச் சொல்லுதே, உமக்குத் தமிழ் தெரியாதா?" என்று சந்தனம் சந்தேகப்பட்டபோது, "என் நாதர் குடிகளோடுதான் நேரில் பேசுவார், வேடரோடு என் மூலமாகத்தான்" என்றேன். அது பாடத்தில் இல்லை. எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

இதெல்லாம் இருக்கட்டும். எனக்கு உங்கள் மேல் கோபம். முகாரியில் ராணியின் புலம்பலைப் பாடினேன். பதினெட்டு வருஷம் கழித்துப் பாடினேன். ஜனங்கள் ஒன்ஸ்மோர் கேட்டார்கள், மறுபடியும் பாடினேன். வேஷம் கலைத்த பிறகு, "பாட்டு எப்படி இருந்துச்சு அண்ணே?" என்று உங்கள் வலது காதருகே வந்து கேட்டேன். "நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுக் கிரீடத்தைத் துடைக்கப் போய்விட்டீர்கள். அவ்வளவுதானா? சின்ன வயசில் ஒரு சங்கதி பிசகினால் ஒரு வாரம் திட்டுவீர்கள். சரியாக இருந்ததா, மேலே எடுத்த இடத்தில் குரல் உடைந்ததா, ஒன்றுமே சொல்ல மாட்டீர்களா? இவரைக் கேட்டாலும் வாயைத் திறக்கவில்லை. இரண்டு கல்லுக்கு நடுவில் நான்.

ஒழுங்காகப் பதில் எழுதுங்கள்.

சாந்தம்மாள்


மீனாட்சிபுரம்
25-9-1929

என் தங்கை சாந்தத்துக்கு அண்ணன் ஆசீர்வாதம். உன் புருஷன் இடுப்புக்கு விளக்கெண்ணெய் தேய். எனக்கு உடம்பு நலம் என்று எழுதி எழுதிக் கை பழகிவிட்டது. இந்தத் தடவை எழுதவில்லை.

நீங்கள் போன மறுநாள் கவுண்டரிடம் காது விஷயத்தை நானே சொல்லிவிட்டேன். வாத்தியார் வேலையை விட்டுவிடுகிறேன் என்றேன். அவர் ஏதோ பேசினார். பிறகு நினைவு வந்து மிக்கேல்ராஜைக் கூப்பிட்டு எழுதிக் காட்டச் சொன்னார். "பாட்டுப் பாடத்தை மிக்கேல்ராஜ் பாத்துக்கட்டுமுங்க. நடையும் வசனமும் நீங்களே சொல்லிக் குடுங்க. வேற வாத்தியாருக்கு நான் எங்கீங்க போறது?" மிக்கேல்ராஜ் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறான்! கழுதை கணக்குப் பாடம் நடத்துவது மாதிரி. ஆனாலும் இருக்கிறேன். பதினோரு பேருக்கும் விஷயத்தைச் சொன்னேன். 'இன்னொரு தரம் சொல்' பாடத்தில் இல்லை என்று சொல்லி அதை அவர்கள் வாயிலிருந்து எடுக்க ஆறு மாதம் ஆகும் போலிருக்கிறது. யாரும் சிரிக்கவில்லை. மாரப்பன் மட்டும் அன்றிலிருந்து வாயை ஒரு முழம் திறந்து திறந்து பேசுகிறான். அவனுடைய கடைவாய்ப்பல் வரைக்கும் பார்க்க வேண்டியிருக்கிறது.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன்.

வலது காது இருக்கிறது என்று உனக்கு எழுதினேன். அப்போது இருந்தது. ஆடிக் கடைசியில் அதுவும் போய்விட்டது. ஒரு நாள் காலையில் எழுந்தேன், பள்ளிக்கூடத்து வாசலில் மாடுகள் போகின்றன, மணி கேட்கவில்லை. மிக்கேல்ராஜுக்கும் சொல்லவில்லை. நீ வராதே என்று எழுதினேனே, அப்போது எனக்கு இரண்டு காதும் இல்லை. சொல்லியிருந்தால் நீ நாடகத்தை நிறுத்தியிருப்பாய்.

மேடையில் உன் உதட்டைத்தான் பார்த்தேன். பத்து வருஷம் பார்த்த உதடு, தர்க்கத்துக்கு அது போதுமாக இருந்தது. பாட்டுக்குப் போதவில்லை. நீ பாடத் தொடங்கியதும் உன் கழுத்தைப் பார்த்தேன். மூச்சு எங்கே எடுக்கிறாய் என்று தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ஜனங்களைப் பார்த்தேன். கவுண்டர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். திரை ஓரத்தில் மாரப்பன் எமன் வேஷத்தோடு நின்று அழுதான், முகத்துக் கறுப்பு நெஞ்சு வரை வழிந்தது. முன் வரிசையில் மாப்பிள்ளை துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். நீ நன்றாகப் பாடுகிறாய் என்று அப்படித்தான் தெரிந்துகொண்டேன். நீ மறுபடியும் தொடங்கியதைப் பார்த்துத்தான் ஒன்ஸ்மோர் கேட்டிருக்கிறார்கள் என்று புரிந்தது. இரண்டு தரமும் உன் பக்கத்தில் நின்றேன், சாந்தம். ஒரு எழுத்துக் கேட்கவில்லை.

நீ காதருகே வந்து கேட்டதையும் ஊகித்துத்தான் பதில் சொன்னேன். அதனால்தான் கிரீடத்தைத் துடைக்கப் போனேன். அதில் துடைக்க ஒன்றுமில்லை.

பாட்டு எப்படி இருந்தது என்று என்னைக் கேட்காதே. மாப்பிள்ளை ஒரு வரி விடாமல் கேட்டவர். நான் கேட்டதாகச் சொல்லி அவரிடம் கேள். வாயைத் திறக்கிற வரைக்கும் விடாதே. அவர் சொல்வதை எனக்கு எழுது.

உன் அண்ணன்,
வீரபாண்டி